நல்ல மார்பையும் சேர்த்து எடுத்துவிடலாமா?

ஒரு பக்கம் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததுமே, நன்றாக இருக்கும் இன்னொரு மார்பையும் எடுத்துவிடச் சொல்லிக் கேட்பவர்களை மதுரையிலும் இப்போது அடிக்கடி பார்க்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, ஐம்பதைத் தாண்டியவர், மஞ்சப்பையிலிருந்து மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) படங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தபடியே, "ரெண்டையும் எடுத்துப்புடுங்க டாக்டரம்மா, மறுபடி ஒருக்கா இந்தப் பாடு என்னால பட முடியாது" என்றார்.

அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அவருக்கு நான் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். உயிரைப் பறிப்பது, ஏற்கெனவே வந்த புற்றுநோய் எலும்புக்கோ ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவுவதுதான். நல்ல மார்பை எடுப்பதால் அந்தப் பரவல் நிற்காது, ஆயுளும் கூடாது. மறுபக்கம் வந்தால் அது பெரும்பாலும் புதிதாகத் தோன்றுவது. மரபணுக் கோளாறு இல்லாதவர்களுக்கு அந்த வாய்ப்பு ஆண்டுக்குச் சுமார் 0.5 சதவீதம் அல்லது அதற்கும் கீழே. ஹார்மோன் சார்ந்த வகையாக இருந்து டமாக்சிஃபென் போன்ற மாத்திரையை 5 வருடம் விடாமல் சாப்பிட்டால் அதுவும் ஏறக்குறைய பாதியாகக் குறையும்.

எடுப்பதிலும் சிக்கல் உண்டு. ரெண்டு பக்கமும் காயம், ரெண்டு பக்கமும் காயத்து நீரை வடிக்கும் டியூப், மரத்துப்போன நெஞ்சு. நல்ல பக்கத்துத் தையல் பிரிந்து சீழ் வைத்தால் கீமோ தள்ளிப்போகும், அதாவது நோயில்லாத மார்புக்காக நோயுள்ள மார்பின் வைத்தியம் காத்திருக்கும். எனக்கு இதுதான் பெரிய கவலை. அந்த அம்மா யோசித்து, கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு வைத்துக்கொண்டார், வருடா வருடம் மேமோகிராமுக்கு வருகிறார்.

சரி, யாருக்குத்தான் இது தேவை? பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக் கோளாறு உள்ளவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும். பிஆர்சிஏ1 இருந்தால், ஒரு பக்கம் வந்த பிறகு 20 ஆண்டுகளில் மறுபக்கமும் வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம். 2013-ல் ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி தன் இரண்டு மார்பகங்களையும் எடுத்துக்கொண்டதாக எழுதினாரே, அவருக்கு இருந்தது இந்தக் கோளாறுதான், புற்றுநோய் அல்ல. அவரைப் பார்த்து எல்லோரும் எடுக்கக் கூடாது.

ஐம்பதுக்குள் நோய் வந்தவர்கள், டிரிபிள் நெகட்டிவ் (ஹார்மோன் மாத்திரை வேலை செய்யாத ஒரு வகை) உள்ளவர்கள், குடும்பத்தில் மார்பகம் அல்லது சினைப்பைப் புற்றுநோய் உள்ளவர்கள் மரபணுச் சோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். "எங்க வீட்ல யாருக்கும் இல்ல" என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். அப்பா வழியிலும் இது வரும். வயிற்றில் நீர் கோத்து இறந்துபோன அத்தைக்கு சினைப்பைப் புற்றுநோய் இருந்திருக்கலாம். சோதனைக்கு ரத்தம் கொடுத்தால் போதும், முடிவு வரச் சில வாரம் ஆகும். அதுவரை பொறுக்க முடியாத நிலை என்றால் நோயுள்ள பக்கத்தை முதலில் முடித்துக்கொள்ளுங்கள், மறுபக்கத்தைப் பற்றிச் சிகிச்சையெல்லாம் முடிந்தபிறகு நிதானமாக முடிவெடுக்கலாம்.