ராசியான கையும் 128 பிட்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமைதோறும் கணினி வகுப்பு எடுக்கும் தம்பி ஒருவர் எழுதியிருந்தார். யாரோ கொடுத்த பழைய சர்வரில் கேவிஎம் (ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் மென்பொருள்) போட்டு 12 மெய்நிகர் கணினிகள் வைத்திருக்கிறார். பாடத்துக்கான மென்பொருள் பழையது என்பதால் டெபியன் 10 (லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகை). ஆள் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் தானாகவே நிறுவிக்கொள்ளும்படி விடைக்கோப்பும் எழுதியாயிற்று. நிறுவல் ஒழுங்காக முடிகிறது, கணினி மறுபடி கிளம்புகிறது. அப்புறம் ஸ்கிரிப்ட், தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போக வேண்டும். அங்கேதான் நிற்கிறது.

"என்ன ஆச்சு என்று திரையைத் திறந்து பார்த்தால் சில நேரம் ஓடிவிடுகிறது அண்ணா. செயலாளர் மாமா எண்டரை அழுத்திப் பிடித்தால் அசையாது. சமையல்கட்டில் உதவும் அக்கா வந்து படபடவென்று தட்டினால் ஓடும். ராசியான கை என்கிறார்கள். லோட்ஷெடிங் முடிந்து கரண்ட் வந்தால் இப்போது முதலில் அக்காவைத்தான் கூப்பிடுகிறோம்."

ராசி என்ற சொல் காதில் விழுந்ததுமே சிரித்துவிடும் ஆள் நான். ஆனால் இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மாமா, அக்கா இருவரும் விசைப்பலகையில் செய்வது ஒன்றல்ல என்பதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

வழக்கமான கோளாறுகளை முதலில் ஒதுக்கிவிடலாம். மெய்நிகர் வட்டின் பெயர் விடிஏ என்றிருக்க, விடைக்கோப்பில் எஸ்டிஏ என்று எழுதியிருப்போம். நிறுவல் வட்டைக் கழற்றாமல் விட்டதால் மறுபடி மறுபடி நிறுவிக்கொண்டே இருக்கும். நெட்வொர்க் எழுவதற்கு முன்பே விடைக்கோப்பைத் தேடும். டெபியன் நிறுவியில் ஆல்ட், எஃப்4 அழுத்தினால் பதிவேடு ஓடுவது தெரியும். இவற்றில் பெரும்பாலானவை அங்கேயே பிடிபடும். ஆனால் இவை எதுவும் யார் கை பட்டாலும் சரியாகாது. தட்டினால் சரியாகும் கோளாறு வேறு வகை.

எஸ்எஸ்ஹெச் கிளம்பும்போது யாராலும் ஊகிக்க முடியாத எண்கள் அதற்கு வேண்டும். கணினியோ சொன்னதைச் சொன்னபடி செய்யும் பிராணி; தற்செயல் என்பது அதன் சுபாவத்திலேயே கிடையாது. அதனால் வெளியிலிருந்து பொறுக்குகிறது. விசை எப்போது அழுத்தப்பட்டது, வட்டு எப்போது பதில் சொன்னது, நெட்வொர்க்கில் பொட்டலம் எப்போது வந்தது என்று நேரங்களைக் குறித்து ஒரு குளத்தில் கலக்கிக்கொண்டே இருக்கும். லினக்ஸில் இந்த ஏற்பாட்டை 1994-இல் எழுதியவர் தியோடர் சோ. டெபியன் 10-இன் 4.19 கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), குளத்தில் 128 பிட் (தற்செயலை அளக்கும் அலகு) அளவுக்குத் தற்செயல் சேரும்வரை கேட்டவரைக் காக்க வைக்கும். மேசைக் கணினியில் இது ஒரு பொருட்டே இல்லை. மெய்நிகர் கணினிக்கு மவுசும் இல்லை, சுழலும் வட்டும் இல்லை. அதில் எதேச்சையாக நடப்பது மிகக் குறைவு. டெபியன் 10-இன் வெளியீட்டுக் குறிப்பே இந்தக் காத்திருப்பைப் பற்றி எச்சரிக்கிறது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். விசை தட்டியதற்கு எத்தனை பிட் வரவு வைப்பது என்பதைக் கெர்னல் எப்படி முடிவு செய்கிறது?

தைப்பூசக் காவடியில் உறுமி அடிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே சீராக அடித்தால், இரண்டு அடிகளுக்கு இடையிலான நேரம் மாறாது. அடுத்த அடி எப்போது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். சீராக வேகம் கூட்டினாலும் சொல்லலாம், ஏனென்றால் கூடும் அளவு மாறவில்லை. கெர்னலும் இப்படித்தான் கேட்கிறது. முதலில் இடைவெளி, பிறகு இடைவெளியில் வந்த மாற்றம், அதற்கும் பிறகு அந்த மாற்றத்தில் வந்த மாற்றம். மூன்றில் எது மிகச் சிறியதோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

அக்கா தட்டிய இடைவெளிகள் கெர்னலின் கடிகாரத்தில் 30, 41, 37 துடிப்புகள் என்று வைப்போம். ஒரு துடிப்பு டெபியனில் ஒரு நொடியின் ஆயிரத்தில் 4 பங்கு. கடைசி இடைவெளி 37. முந்தையதிலிருந்து மாற்றம் 4 குறைவு. அதற்கு முன் 11 கூடியிருந்தது, ஆகவே மாற்றத்தின் மாற்றம் 15. சிறியது 4, அதற்கு வரவு 2 பிட். என்ன செய்தாலும் ஒரு தடவைக்கு 11 பிட்டுக்கு மேல் கிடையாது. நானோநொடியின் பின்னத்தைக்கூட எண்ணும் செயலியின் (ப்ராசஸரின்) எண்ணியையும் குளத்தில் கலக்கிக்கொள்கிறது, ஆனால் அதற்குத் தனி வரவு வைப்பதில்லை. இப்படி ஒரு கஞ்சக் கணக்குப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. அழுத்துவது ஒன்று, விடுவது ஒன்று. சராசரி 2 பிட் என்றாலும் 30, 35 தட்டல்களில் 128 நிறைந்துவிடும்.

மாமா எண்டரைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார். அப்போது விசையைத் திரும்பத் திரும்ப அனுப்புவது மாமா அல்ல, இயந்திரம். அது சீரான உறுமி. மாற்றம் ஏறக்குறைய பூஜ்யம், ஒரு துடிப்பு முன்பின் ஆனாலும் வரவு பூஜ்யமே. ஆகவே பள்ளிக்காரர்கள் கவனித்தது நூற்றுக்கு நூறு சரி. அக்கா தட்டினால்தான் ஓடும். மாமா படபடவென்று தட்டியிருந்தாலும் ஓடியிருக்கும் என்பதை மட்டும் யாரும் சோதிக்கவில்லை.

இவ்வளவு கஞ்சத்தனம் தேவையா என்றால், தேவைதான். 2012-இல் ஓர் ஆய்வுக் குழு இணையம் முழுவதையும் துழாவி, பிறந்தவுடன், குளம் நிறையும் முன்பே, அவசரமாகக் குறியாக்கச் சாவி செய்துகொண்ட கருவிகள் ஒரே பகா எண்ணைப் பகிர்ந்துகொண்டதைக் கண்டுபிடித்தது. இரண்டு சாவிகளுக்குப் பொதுக் காரணி இருந்தால் பள்ளியில் படித்த மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி) போதும், இரண்டும் உடைந்துவிடும். குறியாக்கத்துக்குப் பெரிய பணம் ஒதுக்குகிறோம், அதற்கு அடியில் இருக்கும் இந்தக் குளத்துக்கு யாரும் நிதி கேட்டுப் பார்த்ததில்லை.

2019 செப்டம்பரில் ஒரு வேடிக்கை நடந்தது. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையைச் செம்மைப்படுத்தினார்கள். கிளம்பும்போது வட்டைத் தொடும் தடவைகள் குறைந்தன. வேகம் கூடியது நல்லதுதானே? ஆனால் வட்டு பேசுவது குறைந்ததால் குளம் நிறையவில்லை, ஒருவரின் மடிக்கணினி கிளம்பவே மறுத்துவிட்டது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் நல்ல மாற்றத்தை வேண்டாவெறுப்பாகத் திரும்பப் பெற்றார். பிறகு 5.4 கெர்னலில், யாரும் தட்டாவிட்டால் செயலி தன் வேலையின் நேரத் தடுமாற்றத்தைத் தானே அளந்து குளத்தை நிரப்பிக்கொள்ளும்படி செய்தார்.

தம்பி, உங்களிடம் இருப்பது அதற்கு முந்தியது. ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் விர்ட்டியோ ஆர்என்ஜி என்ற தற்செயல் எண் தரும் கருவியைச் சேர்த்துவிடுங்கள். அடியில் இருக்கும் சர்வர் தன் குளத்திலிருந்து மொண்டு ஊற்றும். ஒன்றை நிறுவி அதையே 12 ஆகப் பிரதி எடுப்பதாக இருந்தால், எஸ்எஸ்ஹெச் சாவிகளை அழித்துவிட்டுப் பிரதி எடுங்கள், இல்லாவிட்டால் பன்னிரண்டுக்கும் ஒரே சாவி. கெர்னலின் டிமெசேஜ் பதிவில் 'சிஆர்என்ஜி இனிட் டன்' என்று ஒரு வரி வரும், குளம் நிறைந்துவிட்டது என்று பொருள். அதன் முன்னால் இருக்கும் நொடிக் கணக்கை, கருவி சேர்ப்பதற்கு முன்பும் பின்பும் குறித்து எனக்கு அனுப்புங்கள். அக்காவைத் தட்டச் சொல்லியும் ஒரு தடவை.