எல்லாவற்றுக்கும் 'இங்' போட்டால் பேரலலிசம் ஆகிவிடாது

போன வாரம் ஒரு மாணவியின் மாக் டெஸ்ட் விடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வின் இரண்டாம் கட்டமான டியர் 2-க்குப் படிக்கிறவர். கணக்கில் நல்ல மார்க், ரீசனிங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் பேரலல் ஸ்ட்ரக்சர் வந்த அத்தனை கேள்வியும் தப்பு. ஒன்றிரண்டு தப்பினால் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம், எல்லாம் ஒரே மாதிரி தப்பினால் யாரோ தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். கேட்டேன். "வாக்கியத்துல ஒரு 'இங்' வந்தா மத்ததுக்கும் 'இங்' போடணும், அதுதானே சார் பேரலலிசம்?" என்றார். எங்கே படித்தாய் என்றால், வாட்ஸாப்பில் வந்த ஒரு பிடிஎஃப். இதே வரியை இந்த வருடம் எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் ஒப்பித்துவிட்டார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் இதில் என்ன போகிறது என்று பாருங்கள். டியர் 1-ல் ஆங்கிலம் 25 கேள்வி, 50 மார்க், தப்புக்கு அரை மார்க் குறையும். டியர் 2-ல் 45 கேள்வி, கேள்விக்கு 3 மார்க், மொத்தம் 135, ஒவ்வொரு தப்புக்கும் 1 மார்க் போகும். சரியாகப் போட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைத் தப்பாகப் போட்டால் 4 மார்க் வித்தியாசம். தரவரிசை டியர் 2 மார்க்கை வைத்துத்தான். அங்கே நாலு மார்க் ஏறி இறங்கினால் கிடைக்கிற போஸ்டே மாறிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேரலல் ஸ்ட்ரக்சர் என்பது சொல்லின் கடைசி எழுத்துகள் ஒத்துப்போவது இல்லை. வாக்கியத்தில் ஒரே வேலையைச் செய்கிற பகுதிகள் ஒரே வகையாக இருப்பது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகளின் கண் நேரே சொல்லின் வாலுக்குத்தான் போகிறது.

'ஹி வாஸ் டயர்ட், ஹங்ரி அண்ட் ஷிவரிங்.' இந்த வாக்கியத்தைக் கொடுத்தால் வகுப்பில் பாதிப் பேர் எரர் என்கிறார்கள். ஒன்றில் 'ஈடி', ஒன்றில் எதுவும் இல்லை, ஒன்றில் 'இங்', அதனால் பேரலல் இல்லையாம். மூன்றும் என்ன செய்கின்றன? அவன் எப்படி இருந்தான் என்று சொல்கின்றன. களைத்திருந்தான், பசித்திருந்தான், நடுங்கிக்கொண்டிருந்தான். வேலை ஒன்று, 'ஹி வாஸ்' என்பதோடு மூன்றும் தனித்தனியாக ஒட்டுகின்றன. வாக்கியம் சரி. 'நோ எரர்' என்று போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டியதுதான். ஆனால் 'நோ எரர்' போடப் பிள்ளைகளுக்கு ஒரு பயம், கேள்வி என்று கொடுத்தால் அதில் தப்பு இருந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறார்கள். அந்தப் பயத்தோடு இந்த 'இங்' விதியும் சேர்ந்தால் சரியான வாக்கியங்களை எல்லாம் உடைத்துப் போடுவார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 'தி கம்பெனி கட் காஸ்ட்ஸ் அண்ட் க்ளோஸ்ட் டூ ஆஃபீசஸ், சேவிங் மில்லியன்ஸ்.' இதில் 'சேவிங்' என்பதை 'சேவ்ட்' என்று மாற்றி, பேரலல் ஆக்கிவிட்டேன் என்கிறார்கள். கம்பெனி செய்தது இரண்டு வேலை, செலவைக் குறைத்தது, இரண்டு ஆபீஸை மூடியது. பணம் மிச்சமானது மூன்றாவது வேலை இல்லை, அந்த இரண்டும் செய்ததால் வந்த பலன். பலனைக் கொண்டுபோய் வேலைகளோடு வரிசையில் நிறுத்தினால் கமாவுக்குப் பிறகு வாக்கியமே அறுந்து தொங்கும். இரண்டு வேலைக்கும் பேரலல் வேண்டும், அது 'கட்', 'க்ளோஸ்ட்' என்று ஏற்கெனவே சரியாக இருக்கிறது. வால் பார்க்கிற பிள்ளை இங்கேயும் விழும்.

இது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்த விநோதம் என்று நினைக்க வேண்டாம். 'அவளுக்குப் பாடவும் ஆடவும் தெரியும்' என்கிறோம். 'பாடவும் ஆட்டமும் தெரியும்' என்று யாராவது சொன்னால் இலக்கணம் படிக்காதவருக்கும் உறுத்தும். 'உம்' போட்டு அடுக்கும்போது ஒரே வகைச் சொற்களை அடுக்க வேண்டும் என்று உங்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை, ஆனாலும் தெரியும். அந்த உறுத்தலைத்தான் ஆங்கிலத்தில் பழக்கிக்கொள்ளச் சொல்கிறேன்.

செய்முறை எளிது. 'அண்ட்', 'ஆர்', 'பட்' எது வந்தாலும் முதலில் அதன் வலது பக்கம் பாருங்கள். அங்கே என்ன நிற்கிறது, பெயரா, வினையா, 'டு' போட்ட வினையா, முழு வாக்கியமா? அதைத் தெரிந்துகொண்டு இடது பக்கம் போய் அதற்கு ஜோடி எது என்று தேடுங்கள். பெரும்பாலானவர்கள் இடதில் தொடங்கி வரிசையாகப் படித்துக்கொண்டு வருகிறார்கள், வழியில் இருக்கிற 'இன்', 'ஆன்', 'ஆஃப்' மாதிரியான ப்ரீபொசிஷன் கூட்டத்தில் தொலைந்துபோகிறார்கள். ஜோடி கிடைத்ததும் வாக்கியத்தின் தொடக்கத்தோடு ஒவ்வொன்றையும் தனியாக ஒட்டிப் படியுங்கள். ஒட்டவில்லை என்றால் அங்கேதான் எரர்.

ஜோடிச் சொற்களில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. 'ஹி நாட் ஒன்லி ப்ளேஸ் கிரிக்கெட் பட் ஆல்சோ ஹாக்கி.' கேட்க நன்றாகத்தான் இருக்கும். 'நாட் ஒன்லி'க்குப் பின்னால் வினை நிற்கிறது, 'பட் ஆல்சோ'வுக்குப் பின்னால் வெறும் பெயர் நிற்கிறது. 'ஹி ப்ளேஸ் நாட் ஒன்லி கிரிக்கெட் பட் ஆல்சோ ஹாக்கி' என்று இருக்க வேண்டும். 'ஐதர் - ஆர்', 'நைதர் - நார்', 'போத் - அண்ட்' எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். 'போத்' வந்தால் 'அண்ட்' மட்டும்தான் வரும், 'ஆஸ் வெல் ஆஸ்' வராது. 'நோ சூனர்' வந்தால் 'தேன்', 'ஹார்ட்லி' வந்தால் 'வென்'. இதெல்லாம் மனப்பாடம், விவாதமே வேண்டாம்.

ஒப்பிடுவதும் பேரலலிசம்தான், இதை யாரும் கவனிப்பதில்லை. 'தி க்ளைமேட் ஆஃப் கோயம்புத்தூர் இஸ் பெட்டர் தேன் சென்னை.' தமிழில் 'கோயம்புத்தூர் கிளைமேட் சென்னையைவிட நல்லா இருக்கும்' என்று சொன்னால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதனால்தான் நம் பிள்ளைகளுக்கு இந்தத் தப்பு கண்ணில் படுவதே இல்லை. ஆங்கிலத் தேர்வில் கிளைமேட்டைக் கிளைமேட்டோடுதான் ஒப்பிட வேண்டும், ஊரோடு இல்லை. 'தேன் தட் ஆஃப் சென்னை.' பன்மை என்றால் 'தோஸ் ஆஃப்'.

இப்போது நான் மிகவும் அக்கறைப்படுகிற இடத்துக்கு வருகிறேன். ஈடியமும் பேரலலிசமும் ஒரே கேள்வியில் சேர்ந்து வரும் இடம். ஈடியம் என்றதும் பழமொழி மாதிரித் தொடர்களை மட்டும் நினைக்காதீர்கள். எந்தச் சொல்லோடு எந்த ப்ரீபொசிஷன் போகும் என்கிற மரபும் ஈடியம்தான். அதற்கு லாஜிக் கிடையாது, வழக்கம் மட்டும்தான். 'இன்சிஸ்ட் ஆன்', 'கேப்பபிள் ஆஃப்', 'அபைட் பை'. ஏன் என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

'ஐ ப்ரிஃபர் ரீடிங் தேன் டு வாட்ச் டிவி.' இதில் தப்பு இரண்டு. 'ரீடிங்', 'டு வாட்ச்' இரண்டும் ஒரே வகை இல்லை, அது ஒன்று. 'ப்ரிஃபர்' ஒன்றைவிட இன்னொன்று என்று சொல்லும்போது 'தேன்' எடுக்காது, 'டு' எடுக்கும், அது இரண்டாவது. வாக்கியத்தைத் திருத்தச் சொல்கிற இம்ப்ரூவ்மென்ட் கேள்வியில் 'ரீடிங் தேன் வாட்சிங்' என்று ஒரு ஆப்ஷன் தருவார்கள். பேரலல் மட்டும் படித்தவர் அதைப் பார்த்ததும் சந்தோஷமாக டிக் அடிப்பார். 'டு'தான் வரும் என்று மட்டும் தெரிந்தவர் 'ரீடிங் டு வாட்ச்' என்று இருப்பதை எடுப்பார், 'டு'க்குப் பிறகு வினையின் முதல் வடிவம்தான் வரும் என்று எங்கோ படித்திருப்பார். இந்த 'டு' ப்ரீபொசிஷன், அதற்குப் பிறகு 'இங்'. 'லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்பதும், 'அக்கஸ்டம்ட் டு வொர்க்கிங்' என்பதும் இதே வகைதான். 'ரீடிங் டு வாட்சிங் டிவி', இது ஒன்றுதான் விடை. ஒரு தப்பைக் கண்டுபிடித்ததும் நிறுத்திவிடாதீர்கள்.

இதைவிட நுட்பமானது ஒன்று. 'ஹி இஸ் இன்டரஸ்டட் அண்ட் குட் அட் மேத்ஸ்.' பார்வைக்குப் பேரலல், இரண்டும் பண்பைச் சொல்கிற சொற்கள், எரர் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். தனித்தனியாக ஒட்டிப் பாருங்கள். 'குட் அட் மேத்ஸ்' சரி. 'இன்டரஸ்டட் அட் மேத்ஸ்'? 'இன்டரஸ்டட்' என்றால் 'இன்' வேண்டும். 'இன்டரஸ்டட் இன் அண்ட் குட் அட் மேத்ஸ்' என்றுதான் எழுத வேண்டும். இரண்டு சொல்லுக்கும் ஒரே ப்ரீபொசிஷன் என்றால் ஒருமுறை போட்டால் போதும், 'அவேர் அண்ட் ப்ரௌட் ஆஃப் ஹெர் ரூட்ஸ்' சரியான வாக்கியம். ப்ரீபொசிஷன் வேறு என்றால் இரண்டையும் போட்டே ஆக வேண்டும். 'ஆஸ் டால் ஆஸ், இஃப் நாட் டாலர் தேன், ஹிஸ் பிரதர்' என்பதில் இரண்டாவது 'ஆஸ்' விட்டுப்போகக் கூடாது என்பதும் இதே விதிதான்.

"அது படிச்சா நல்லாவே இல்லையே சார், 'இன் அண்ட்' எல்லாம் யாரு பேசுவாங்க?" என்று கேட்கிறார்கள். காதை வைத்து விடை போடுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். நிறைய ஆங்கிலம் படித்து, நிறைய கேட்டு வளர்ந்தவருக்குக் காது உதவும். நம் காது எதைக் கேட்டு வளர்ந்தது? 'டிஸ்கஸ் அபவுட்', 'ரிட்டர்ன் பேக்', 'கோப் அப் வித்', 'டிஸ்பைட் ஆஃப்', 'சீனியர் தேன் மீ', 'மேரிட் வித்'. ஆபீஸிலும் கல்லூரியிலும் தினமும் கேட்கிறோம், அதனால் எல்லாம் சரியாகவே ஒலிக்கின்றன. தேர்வில் அத்தனையும் தப்பு. 'டிஸ்கஸ்'ஸுக்கு எதுவும் வேண்டாம், 'ரிட்டர்ன்'னுக்கு 'பேக்' வேண்டாம், 'கோப் வித்' போதும், 'டிஸ்பைட்'டுக்கு 'ஆஃப்' வேண்டாம், 'சீனியர் டு', 'மேரிட் டு'. கேள்வி எடுக்கிறவர்களுக்கு நம் ஊர்க் காது எப்படிப்பட்டது என்று நன்றாகத் தெரியும், அதைக் குறிவைத்துத்தான் எடுக்கிறார்கள்.

எம்.பி.ஏ. சேர்க்கைக்கு எழுதுகிற ஜிமேட் தேர்வின் பழைய குறிப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன, அவற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாக்கியத்தைத் திருத்தச் சொல்கிற சென்டன்ஸ் கரெக்‌ஷன் பகுதி, 2023 நவம்பரில் வந்த ஜிமேட்டின் புது வடிவமான ஃபோகஸ் எடிஷனில் இல்லை. குறிப்புகள் மட்டும் இன்னும் சுற்றுகின்றன. பேரலலிசம் பற்றி அவற்றில் நல்ல விளக்கம் இருக்கும், படிப்பதில் தப்பில்லை. ஆனால் அங்கே நீளமான வாக்கியத்தைக் கொடுத்து, ஐந்து ஆப்ஷனில் அர்த்தம் எதில் தெளிவாக இருக்கிறது என்றும் பார்க்கச் சொல்வார்கள். எஸ்.எஸ்.சி.யில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, விதியைத் தெரிந்து வைத்திருந்தால் போதும். பழைய எஸ்.எஸ்.சி. கேள்வித்தாள்களை விட்டுவிட்டு அதில் மாதக்கணக்கில் மூழ்கிக் கிடப்பவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை.

ஈடியம்ஸ் அண்ட் ஃப்ரேசஸ் பகுதிக்கு ஒரே எச்சரிக்கை, சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து விடை போடாதீர்கள். 'ரெட் லெட்டர் டே' என்றால் சிவப்பு என்றதும் ஆபத்தான நாள் என்று போடுகிறார்கள். அது மறக்க முடியாத சிறப்பான நாள். தேவாலயக் காலண்டரில் பண்டிகை நாளைச் சிவப்பில் அச்சிட்ட வழக்கத்திலிருந்து வந்தது. நம் வீட்டுத் தினசரிக் காலண்டரிலும் விடுமுறை நாள் சிவப்பில்தானே இருக்கிறது, அதை நினைத்துக்கொள்ளுங்கள். 'டு கேரி கோல்ஸ் டு நியூகாசில்' நிலக்கரி வியாபாரம் பற்றியது இல்லை. நிலக்கரி ஏற்றுமதிக்கே பேர்போன ஊர் அது, அங்கே போய் நிலக்கரியைக் கொட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. இப்படித் தமிழில் இணை கிடைக்கிற இடங்களில் அதோடு சேர்த்துப் படித்தால் மறக்காது. 'சிக்சஸ் அண்ட் செவன்ஸ்' போலக் கிடைக்காத இடங்களில் குழப்பம் என்று அர்த்தத்தை எழுதி வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

அப்புறம், படிக்கும் முறை. ப்ரீபொசிஷன்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். 'டெப்ரைவ் ஆஃப்' என்று மட்டும் எழுதினால் இரண்டு வாரத்தில் 'டெப்ரைவ் ஃப்ரம்' ஆகிவிடும். தப்பாகப் போட்ட கேள்விகளுக்குத் தனி நோட்டு வையுங்கள், அதில் சரியான விடையை மட்டும் எழுதாமல் எதை நினைத்துத் தப்பான விடையைப் போட்டீர்கள் என்றும் ஒரு வரி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஒரே நினைப்பு திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும். அந்த மாணவியின் நோட்டில் அப்படித்தான் 'இங்' வந்திருந்தது.

என்னைப் போலப் பாடம் எடுக்கிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று ஒற்றை வரி ஷார்ட்கட் சொல்லிக்கொடுக்கும்போது, அது எந்த வாக்கியத்தில் உடையும் என்பதையும் கூடவே சொல்லுங்கள். கிராமத்திலிருந்து தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு நீங்கள் கொடுக்கிற குறிப்பைச் சரிபார்க்க வீட்டில் ஆள் கிடையாது. நீங்கள் சொன்னதை அப்படியே நம்பித்தான் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காருகிறது.