லிதுவேனியத்தை ‘எனக்கு’ என்று தொடங்குங்கள்

போன குளிர்காலத்தில் என்னிடம் படிக்கும் ஒரு பெண் பல்வலியோடு பல் மருத்துவமனைக்கு போன் செய்தாள். எதிர்முனையில் சொன்ன நேரம் ‘புஸே த்ரியூ’. புஸே என்றால் பாதி, த்ரீஸ் என்றால் மூன்று. வகுப்பில் படித்ததுதான். மூன்றரை என்று குறித்துக்கொண்டு பத்து நிமிடம் முன்னதாகவே போய் நின்றாள். அவளுக்குக் கொடுத்திருந்த நேரம் இரண்டரை. அடுத்த முறை கிடைக்க இரண்டு வாரம் ஆனது. அதுவரை மாத்திரையில் ஓட்டினாள்.

லிதுவேனியத்தில் அரை மணி என்பது வரப்போகும் மணியின் பாதி. ‘மூன்றின் பாதி’ என்றால் மூன்றாவது மணி நேரத்தில் பாதி கழிந்திருக்கிறது, அதாவது 2:30. இதை நான் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அப்போதெல்லாம் மணி பார்ப்பதை இரண்டாம் மாதத்துக்குத் தள்ளி வைத்திருந்தேன். இப்போது முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

லிதுவேனியாவின் கவுனாஸ் நகரில் எட்டு வருடமாகப் புதிதாக வருகிறவர்களுக்கு லிதுவேனிய மொழியின் அடிப்படையைச் சொல்லித் தருகிறேன். இங்கே ஆங்கில வழியில் மருத்துவம் படிக்க நம் ஊர்ப் பிள்ளைகளும் வருகிறார்கள். ஐ.டி. வேலைக்கு வருபவர்களும் உண்டு. எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: “இங்கே எல்லோருக்கும் இங்கிலீஷ் தெரியுதே, எதுக்குக் கஷ்டப்படணும்?” காபிக் கடையில் நிற்கும் இளைஞருக்குத் தெரியும், சரி. காய்கறிச் சந்தையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும், வீட்டுக்காரரின் அம்மாவுக்கும், வார்டில் படுத்திருக்கும் எண்பது வயது நோயாளிக்கும் தெரியாது. அவர்கள் தலைமுறைக்கு இரண்டாவது மொழி பெரும்பாலும் ரஷ்யன்.

வருகிறவர்கள் ஆங்கிலம் வழியாகப் படிக்கத் தொடங்கி, மூன்றாவது வாரத்தில் வேற்றுமை உருபுகளைப் பார்த்துப் பயந்து விட்டுவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஏனென்றால், இந்த மொழிக்குள் நுழைய ஆங்கிலத்தைவிட நல்ல கதவு நம் தமிழில் இருக்கிறது.

‘மன்’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அர்த்தம் ‘எனக்கு’. ‘மன் ஷால்தா’ என்றால் எனக்குக் குளிருது. ‘மன் பதிங்கா’, எனக்குப் பிடிச்சிருக்கு. ‘மன் ரெய்க்யா’, எனக்கு வேணும். ‘மன் நெகெரா’ என்றால் எனக்கு உடம்பு முடியலை. வயதைச் சொல்வதும் இதே மாதிரிதான்: ‘மன் த்விதெஷிம்த் மேதூ’, எனக்கு இருபது வயது. ஆங்கிலத்தில் யோசிக்கிறவர் ‘நான்’ என்று தொடங்கி, வினைச்சொல்லைத் தேடித் தடுமாறுவார். நாம் வீட்டில் அம்மாவிடம் பேசுகிற மாதிரி ‘எனக்கு’ என்று ஆரம்பித்தால் பாதி வாக்கியம் தானாக வந்துவிடும்.

இதில் மிக முக்கியமானது ‘மன் ஸ்கௌதா’, எனக்கு வலிக்குது. அதோடு உறுப்பின் பெயரைச் சேர்த்தால் போதும்: கால்வா என்றால் தலை, பில்வா வயிறு, கெர்க்லே தொண்டை, தாந்தீ பல். இந்தத் ‘தாந்தீ’ நமக்குத் தெரிந்த ‘தந்த’த்தின் உறவுதான். லிதுவேனியமும் சமஸ்கிருதமும் ஒரே இந்தோ-ஐரோப்பியக் குடும்பம் என்பதால், வடமொழி வழியாக நம்மிடம் வந்த சில சொற்களின் சாயல் அங்கே தெரியும். ஒரே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். நாம் ‘தலை வலிக்குது’ என்போம். அவர்கள் ‘எனக்குத் தலையை வலிக்குது’ என்பதுபோல உறுப்பை இரண்டாம் வேற்றுமையில் வைப்பார்கள். கல்வா என்ற சொல் கால்வா ஆவது அதனால்தான்.

எல்லா ‘எனக்கு’ம் மன் ஆகிவிடாது. ‘எனக்கு ஒரு தம்பி இருக்கான்’ என்பதை அவர்கள் ‘துர்யூ ப்ரோலீ’, ஒரு சகோதரனை வைத்திருக்கிறேன், என்பார்கள். இது மட்டும் தனியாக மனதில் இருக்கட்டும்.

வேற்றுமை ஏழு என்றதும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் மலைத்துப்போகிறார்கள். பள்ளிக்கூடத்தில் எட்டு படித்தவர்கள் நாம்! மளிகைக் கடையில் பணம் வாங்குபவர் கேட்பது இரண்டே கேள்வி. முதலாவது, ‘மைஷேல்யோ ரெய்க்யா?’ அப்படியே நம்முடைய ‘பை வேணுமா?’ அடுத்து, ‘க்ரீனைஸ் அர் கோர்தெலெ?’ ரொக்கமா, கார்டா. கோர்தேலே என்பது கார்டு. கடைசி எழுத்து குறுகிக் கோர்தெலெ ஆனால் ‘கார்டால்’. நம் மூன்றாம் வேற்றுமை ‘ஆல்’ செய்யும் அதே வேலை. ‘இல்’ சேர்ப்பதும் அப்படித்தான்: கவுனாஸ் ஊர், ‘கவுனெ’ என்றால் கவுனாஸில். கூப்பிடும்போது முருகன் முருகா ஆவது மாதிரி அங்கே யோனாஸ் ‘யோனாய்’ ஆகிறார், தாக்தரஸ் ‘தாக்தரெ’ ஆகிறார். டாக்டரே என்பதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். விளி வேற்றுமையை மறந்து மொட்டையாகப் பெயரைச் சொன்னாலும் புரியும். ஆனால் சரியாகக் கூப்பிட்டால் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

நீ, நீங்கள் வேறுபாடும் அங்கே உண்டு: து, யூஸ். வீட்டில் பெரியவர்களை ஒருமையில் பேசாத பிள்ளைகள், ஆங்கிலப் பழக்கத்தில் இங்கே எல்லோரையும் ‘து’ என்று அழைத்துவிடுகிறார்கள். முன்பின் தெரியாதவர், வயதானவர், அலுவலகத்தில் இருப்பவர் என்றால் யூஸ். நண்பர்களுக்கு ‘லாபஸ்’ சொல்லுங்கள், மற்றவர்களுக்கு ‘லபா தியெனா’. நன்றிக்கு ‘ஆச்சூ’, மன்னிப்புக்கு ‘அத்ஸிப்ரஷௌ’.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். படிக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். உங்கள் நோட்டில் இப்படி எழுதாதீர்கள். க, த, ப என்ற எழுத்துகள் ஒவ்வொன்றும் அங்கே இரண்டு ஒலி. தலைக்கு வரும் ‘கல்வா’வும் மொழிக்கு வரும் ‘கல்பா’வும் தொடங்கும் ஒலி வேறு, நம் எழுத்தில் அது தெரியாது. அவர்களுடைய எழுத்து 32. லத்தீன் எழுத்துகள்தான், சிலவற்றின் மேல் குறியோ அடியில் வாலோ இருக்கும். ஆங்கிலத்து ஜே அங்கே ‘ய’, ஒய் நெடில் ‘ஈ’. இரண்டு நாள் உட்கார்ந்தால் வந்துவிடும். குறில் நெடிலில் நமக்குக் கஷ்டமே இல்லை, காது ஏற்கெனவே பழகியிருக்கிறது. இந்த எழுத்துகளுக்காக அவர்கள் பட்ட பாட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். 1864 முதல் 1904 வரை ரஷ்யப் பேரரசு லத்தீன் எழுத்தில் லிதுவேனிய அச்சுக்குத் தடை போட்டிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், ஜெர்மன் பகுதியான கிழக்கு பிரஷ்யாவில் அச்சிட்ட புத்தகங்களைச் சாதாரண மனிதர்கள் மூட்டை கட்டி எல்லை தாண்டிக் கொண்டுவந்தார்கள். பிடிபட்டவர்கள் சைபீரியாவுக்குக்கூட அனுப்பப்பட்டார்கள். நாம் தப்புத்தப்பாக நாலு வார்த்தை பேசினாலும் இவர்கள் இவ்வளவு சந்தோஷப்படுவது ஏன் என்று அப்போது புரியும்.

கிழமைகள் எளிது, எண்கள்தான். ஆனால் எண்ணிக்கை திங்களில் தொடங்குகிறது. இரண்டாவது நாள் என்றால் செவ்வாய். ஞாயிறிலிருந்து எண்ணிப் பழகிய நமக்கு இது ஒரு நாள் தள்ளிப்போகும். கடை வாசலில் ரோமன் எண்ணில் ஆறு, ஏழு என்று போட்டிருந்தால் அது சனி, ஞாயிறு. பக்கத்தில் ‘நெதிர்பமெ’ இருந்தால் அன்று கடை இல்லை. நேரத்தில் சந்தேகம் வந்தால் 24 மணிக் கணக்கில் திருப்பிக் கேளுங்கள். ‘கெதுர்யோலிகா த்ரிஸ்தெஷிம்த்?’ பதினாலு முப்பதா? இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.

அப்புறம், பயிற்சிக்கு வார்டு போகும் மாணவர்களுக்கு நான் மனப்பாடம் செய்யக் கொடுப்பது இரண்டு வரி. ‘குர் ஸ்கௌதா?’, எங்கே வலிக்குது. ‘லேச்யௌ, ப்ரஷௌ’, கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்க. இந்த வசந்தத்தில் ஒரு மாணவன் வந்து சொன்னான். ஜன்னலோரப் படுக்கையில் இருந்த பாட்டியிடம் முதல் வரியைக் கேட்டிருக்கிறான். அவர் அவன் கையைப் பிடித்துத் தன் வலது முழங்காலில் வைத்துக்கொண்டு நிறுத்தாமல் பேச ஆரம்பித்துவிட்டார். அவனுக்குப் பிடிபட்டவை இரண்டே சொற்கள்: கேலிஸ் என்றால் முழங்கால், நாக்தீ என்றால் ராத்திரியில். அவன் இரண்டாவது வரியைச் சொன்னான். பாட்டி நிறுத்தி, அவன் முகத்தைப் பார்த்து, முதலிலிருந்து மறுபடியும் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.