மென்பொருள் வேலையை விட்டு ஆசிரியராக வர எண்ணுவோருக்கு

கொழும்பில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பித்துவந்த ஆசிரியர் ஒருவர், தவணையின் நடுவில் விலகிவிட்டார். மென்பொருள் நிறுவனத்தில் நல்ல பதவியை விட்டு, மனநிறைவைத் தேடி வந்தவர், கெட்டிக்காரரும்கூட. பரீட்சை நெருங்கும் வேளையில் அவரது மாணவர்கள் ஆசிரியரின்றி நிற்க, பெற்றோர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தனியார் வகுப்புகளைத் தேடி அலைகின்றனர். ஆசிரியர் பயிற்சியில் ஈடுபட்டிருக்கும் எனக்கு இது புதிய செய்தியன்று என்பதே வேதனை.

என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் பொறியியலாளர்கள் பலரும், “இத்தனை வருடமாக நிரல் எழுதுகிறேன், பாடசாலையில் வரும் பைத்தன் நிரல்மொழியைக் கற்பிப்பதில் என்ன சிரமம்?” என்றே தொடங்குகின்றனர். இந்த எண்ணத்தை மட்டும் நம்பி வகுப்பறைக்குள் நுழையாதீர்கள். ‘எண் = எண் + 1’ என்று பலகையில் எழுதிப் பாருங்கள். சமன் குறியின் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று கணித பாடத்தில் கற்று வந்த பிள்ளைக்கு அது பிழையான சமன்பாடு. வலப்பக்கம் முதலில் கணிக்கப்பட்டு, அதன் விடை இடப்பக்க மாறியில் சேமிக்கப்படுகிறது என்பது உங்களுக்கு நெடுங்காலம் பழகிப்போனதால், அங்கே விளக்குவதற்கு ஏதேனும் இருப்பதாகவே தோன்றாது. நீங்கள் அடுத்த வரிக்குப் போய்விடுவீர்கள். பிள்ளை அந்த வரியிலேயே நின்றுவிடும். ஒவ்வொரு வரியும் ஓடிய பின் மாறியின் பெறுமானம் என்னவென்று அட்டவணையிட்டுப் பழக்காவிட்டால், ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் மீள்செயல் பாடத்துக்கு வரும்போது பிள்ளை எல்லாவற்றையும் மனனம் செய்யத் தொடங்கியிருக்கும்.

இரண்டு எண்களைப் பெற்றுக் கூட்டும் நிரலில், 5, 3 என உள்ளிட்ட மாணவிக்கு 53 என்று விடை வந்ததை ஒரு வகுப்பில் பார்த்தேன். புதிய ஆசிரியர் விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்து, உள்ளீட்டை முழு எண்ணாக மாற்றும் ‘இன்ட்’ என்பதைச் சேர்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். நிரல் ஓடியது, மாணவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தட்டச்சிடுவதைப் பெறும் ‘இன்புட்’ கட்டளை தருவது எண்ணன்று, எழுத்துச்சரமே என்பதையும், இரு சரங்களுக்கிடையே கூட்டல் குறி வந்தால் அவை ஒட்டிக்கொள்ளும் என்பதையும் அவளே கண்டறியும்படி, “எண்ணுக்குப் பதிலாக இரண்டு பெயர்களைக் கொடுத்தால் என்ன வரும்?” என்று கேட்டிருக்கலாம். பிழையைத் திருத்தத் துடிக்கும் கையை அடக்கிக்கொள்வதுதான் மென்பொருள் துறையிலிருந்து வருவோருக்கு மிகக் கடினமாக இருக்கிறது.

பாடம் நிரலாக்கத்தோடு முடிவதுமில்லை. தர்க்கப் படலைகள், எண் முறைமைகள், பணிசெயல் முறைமை, வலையமைப்பு, தரவுத்தளம், முறைமைப் பகுப்பாய்வு என அனைத்தையும், குறுகிய பாடவேளைகளில், ஒரு கணினியை இருவர் மூவர் பகிரும் ஆய்வுகூடத்தில் கற்பிக்க வேண்டியிருக்கும்.

ஆகவே, இராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன்னர் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியை முழுமையாக வாசியுங்கள். கடந்தகால வினாத்தாள்களைத் தமிழ் மொழிமூலத்தில் நீங்களே செய்து பாருங்கள். நீங்கள் படித்த பாடசாலையின் அதிபரிடம் அனுமதி பெற்று, அனுபவமுள்ள ஆசிரியரின் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து கவனியுங்கள். கணினிக் கழகத்தை ஒரு தவணை முழுவதும் நடத்திப் பாருங்கள். இதற்கு நேரமில்லை என்போர் இந்த மாற்றத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. அரச பாடசாலைதான் இலக்கு என்றால், வர்த்தமானியில் வரும் தகைமையையும் வயதெல்லையையும் பாருங்கள். சர்வதேசப் பாடசாலை நியமனம் இலங்கை ஆசிரியர் சேவையைச் சேர்ந்ததன்று. அரச ஓய்வூதியமும் அதற்கில்லை. சம்பளக் குறைவை வீட்டாருடன் கணக்கிட்டுப் பேசுங்கள். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை வெறும் சான்றிதழாக எண்ணித் தட்டிக்கழிக்காதீர்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்திலும் அதைப் பயிலலாம்.

தொழில் உலகை அறிந்தவர்கள் எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் தேவை. அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாக எழுதுகிறேன். வந்த பின்னர் தொடர முடியாதெனத் தோன்றினால், அதிபரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். வகுப்பு எந்த அலகில் நிற்கிறது, எந்த மாணவர் எதில் தடுமாறுகிறார் என்பதை எழுதி, அடுத்து வருபவரிடம் கையளியுங்கள். பரீட்சை வகுப்பை மட்டும், தயவுசெய்து, நடுவழியில் விட்டுச் செல்லாதீர்கள்.