மூச்சை வெளியே விடும்போது இதயத்தில் என்ன நடக்கிறது?

பணி ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர், ஆன்மிகப் பயணத்தை எங்கிருந்து தொடங்குவது, தியானம் பழக்குகிறவர்களில் பெரும்பாலோர் மூச்சைக் கவனிக்கச் சொல்லியே தொடங்குவது ஏன், அதற்கு அறிவியலில் விளக்கம் உண்டா என்று கேட்டிருக்கிறார். அந்தப் பயணம் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது அவரவர் தேடலுக்கு உரியது. அதை அளக்க என்னிடம் கருவி இல்லை. முதல் படியில் உடலுக்குள் நடப்பதை மட்டும் நன்றாகவே விளக்க முடியும்.

இதயத் துடிப்பும் செரிமானமும் நம் சொல்லுக்குக் கட்டுப்படுவதில்லை. மூச்சு அப்படியன்று: தூங்கும்போது மூளையின் அடிப்பகுதியான முகுளம் அதைப் பார்த்துக்கொள்கிறது, விழித்திருக்கும்போது நாமே அதை நீட்டவும் குறுக்கவும் சற்று நிறுத்தவும் முடிகிறது.

அமைதியாக உட்கார்ந்து, இடது மணிக்கட்டில் கட்டைவிரலுக்கு நேர் கீழே வலக்கையின் இரு விரல்களை மெதுவாக வையுங்கள். மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வரும். மெல்ல வெளியே விடும்போது ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள இடைவெளி நீளும். இது நோயின் அறிகுறி அன்று, நலமான இதயத்தின் இயல்பு. ஜெர்மானிய உடலியல் அறிஞர் கார்ல் லுட்விக் 1847-இலேயே, தாம் உருவாக்கிய பதிவுக் கருவியில் இந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டார்.

காரணம் வேகஸ் என்ற நரம்பு. இதயத்தின் வலது மேலறையில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் கணு ஒன்று உள்ளது. நரம்புகளின் தலையீடு இல்லாவிட்டால் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். நம் ஓய்வு நாடி 70 அளவில் நிற்பது, முகுளத்திலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு அதை விடாமல் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பதால்தான். நாம் சும்மா இருப்பதாக எண்ணும் நேரமெல்லாம் இந்த நரம்பு உழைத்துக்கொண்டிருக்கிறது என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அது எப்படிப் பிடிக்கிறது என்பதை மருந்தியல் அறிஞர் ஓட்டோ லோவி 1921-இல் வெளியிட்ட சோதனை காட்டியது. ஒரு தவளையின் இதயத்தில் வேகஸ் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்த பின், அந்த இதயம் நனைந்திருந்த திரவத்தை எடுத்து, நரம்பு நீக்கப்பட்ட வேறோர் இதயத்துக்குள் செலுத்தினார். அதுவும் மெதுவாகத் துடித்தது. நரம்பு வேதிப்பொருளைக் கொண்டு பேசுகிறது என்பதற்கு அதுவே சான்றாகி, 1936-இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு பெற்றுத் தந்தது. அசிட்டைல்கோலின் என்ற அந்தப் பொருள் கணுவின் செல்களில் பொட்டாசியம் வெளியேறும் கதவுகளைத் திறக்க, செல்லின் மின்னழுத்தம் தாழ்ந்து, அடுத்த துடிப்புக்கான எல்லையை எட்ட அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. அதே வேகத்தில் ஒரு நொதி அசிட்டைல்கோலினைச் சிதைத்தும் விடுகிறது. ஆகவே வேகஸால் ஒவ்வொரு துடிப்பையும் தனித்தனியே மாற்ற முடிகிறது. துடிப்பை விரைவாக்கும் பரிவு நரம்புகளுக்கோ அதற்குச் சில வினாடிகள் தேவை. மூச்சு உள்ளே வரும்போது முகுளத்தின் சுவாச நியூரான்கள் பக்கத்தில் உள்ள வேகஸ் நியூரான்களை அடக்கிவைக்கின்றன. வெளியே போகும்போது அந்த அடக்கம் நீங்கி, இதயத்தின் மீது மீண்டும் பிடி இறுகுகிறது. மூச்சை எவ்வளவு நேரம் வெளியே விடுகிறோமோ அவ்வளவு நேரம் அந்தப் பிடி நீடிக்கிறது.

2001-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரை இலத்தீன் மொழியில் ஜெபமாலையும் 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற பௌத்த மந்திரமும் சொல்ல வைத்து அளந்தார்கள். சமயம் எதுவானாலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முறையாக, அதாவது 10 வினாடிக்கு ஒன்றாகக் குறைந்தது. நம் இரத்த அழுத்தத்துக்கும் இயல்பாகவே 10 வினாடி அளவிலான ஓர் அலைவு உண்டு. ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் அது உயர்வதுபோல், மூச்சும் அந்த அலைவும் ஒத்துப்போகும்போது, அழுத்தத்தைச் சீர்செய்யும் அனிச்சைச் செயலின் கூர்மை கூடுவதை அவர்கள் கண்டார்கள். தேவாரம் ஓதுவோர், குர்ஆன் ஓதுவோர் ஆகியோரின் மூச்சையும் இவ்வாறு முறையாக அளக்கும், செலவு குறைந்த ஆய்வுகளுக்கு நம் நாட்டில் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முன்பு நம் நாட்டில் அத்தகைய நேர்மையான அளவீடு நடந்திருக்கிறது. இதயத்தை நிறுத்திக் காட்டுவதாகச் சொன்ன யோகிகளை வெங்கர், பக்சி, ஆனந்த் ஆகியோர் ஆராய்ந்து 1961-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மணிக்கட்டில் நாடி மறைந்தது உண்மை. ஆனால் மின்பதிவில் இதயம் துடித்துக்கொண்டே இருந்தது. மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்கியதால், இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து நாடி தேய்ந்திருந்தது. அந்தப் பயிற்சியின் கடுமையை நான் மதிக்கிறேன்; அதை அற்புதம் என்று காட்டிக் கட்டணம் வாங்குவதை ஏற்க முடியாது.

கேள்வி கேட்ட வாசகருக்கு ஒரு குறிப்பு. வயது ஏற ஏற இந்த ஏற்ற இறக்கம் குறையும் என்பதால், இளையவர்களைப்போல் உங்கள் விரல்களுக்கு அது எளிதில் தட்டுப்படாமல் போகலாம். அதற்காகக் கழுத்தை அழுத்தித் தேட வேண்டாம்; அங்கே தமனியில் உள்ள அழுத்த உணர்விகள் தூண்டப்பட்டால், சில முதியவர்களுக்கு நாடி திடீரென இறங்கி மயக்கம் வரக்கூடும். மணிக்கட்டிலேயே விரலை வைத்து, மூச்சை அடக்காமல், உள்ளிழுக்க 4 வினாடியும் வெளியே விட 6 வினாடியுமாகச் சில நிமிடங்கள் பொறுமையாகக் கவனியுங்கள்.