தொப்பூர் இறக்கத்தில் அம்பாசிடரும் இன்னோவாவும்

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சேலம் போகும்போதெல்லாம் என் தந்தையார் தொப்பூர் கணவாயில் அம்பாசிடரை நியூட்ரலில் உருட்டிக்கொண்டே இறங்குவார், பெட்ரோல் மிச்சம் என்பார். இப்போது எங்கள் வீட்டில் இன்னோவா நிற்கிறது. அதையும் அப்படி இறக்கலாமா?"

இறக்கக் கூடாது. பெரியவர் போட்ட கணக்கு அவருடைய வண்டிக்கு ஓரளவு பொருந்தும். இந்த வண்டிக்கு அது தலைகீழ்.

மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வடிவமைப்பைத் தழுவி, 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடரின் பழைய பெட்ரோல் வண்டிகளில் கார்புரேட்டர்தான் எரிபொருளை அளந்து கொடுத்தது. அதற்கு வண்டி ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும், கியரில் சுழலும் இன்ஜின் உள்ளே உண்டாக்கும் அழுத்தக் குறைவு, ஐடில் (வண்டி ஓடாதபோதும் இன்ஜின் மெதுவாகச் சுழலும் நிலை) துளை வழியே பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். நியூட்ரலில் இன்ஜினின் சுழற்சி குறைவதால் உறிஞ்சுவதும் குறையும்.

2005இல் இந்தியாவுக்கு வந்த இன்னோவாவின் டீசல் இன்ஜினில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைத் திறந்து மூடுவது ஒரு சிறிய கணினி. எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இதுதான்: ஆக்சிலரேட்டரில் கால் இல்லை, ஆனால் இன்ஜின் ஐடிலைவிட வேகமாகச் சுழல்கிறது என்று உணரிகள் தெரிவித்ததும், கணினி இன்ஜெக்டர்களைத் திறப்பதையே நிறுத்திவிடுகிறது. அப்போது ஒரு சொட்டு டீசல்கூட எரிவதில்லை; உருளும் சக்கரங்களே கியர்பெட்டி வழியாக இன்ஜினைச் சுழற்றுகின்றன. சுழற்சி ஐடிலை நெருங்கும்போது, ஓட்டுபவர் உணராதபடி டீசல் மீண்டும் பாய்கிறது. நியூட்ரலில் போட்டாலோ இன்ஜினைச் சுழற்றச் சக்கரத்தின் துணை இல்லாததால், அது நின்றுவிடாமலிருக்க டீசல் எரிந்தே தீர வேண்டும். மிச்சம் பிடிக்க நினைத்தவர் செலவழிக்கிறார்.

நியூட்ரலில் இன்ஜினின் பிடிமானம் இல்லாமல் பிரேக் மட்டுமே வண்டியைத் தாங்க வேண்டியிருப்பதால், ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள அம்பாசிடர் 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமானால், 30 டிகிரியிலுள்ள ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். ஆட்கள் ஏறினால் 2 டன்னைத் தாண்டும் இன்னோவாவுக்கு ஏறக்குறைய ஏழு லிட்டர். பழைய அம்பாசிடரின் டிரம் பிரேக்கில் இந்த வெப்பம் உள்ளேயே அடைபடுகிறது. டிரம் சூடேறி விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவை விட்டு விலக, பெடல் மேலும் மேலும் கீழே இறங்கும். இன்னோவாவின் முன்சக்கர டிஸ்க் வெளிக்காற்றில் சுழல்வதோடு, இரு தகடுகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளால் காற்றை வெளியே தள்ளித் தானே குளிர்கிறது. ஆனாலும் பல இன்னோவாக்களின் பின்சக்கரங்களில் இன்றும் டிரம்தான்.

தொப்பூர் விபத்துகளுக்குக் கண்ணேறும் காற்றுக்கருப்பும் காரணம் என்று எலுமிச்சம்பழம் வைப்போர் மீது எனக்கு வருத்தமுண்டு. பள்ளிப்பாட இயற்பியலே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. சாலைக்குச் செலவிடும் பணத்தில் சிறு பங்கையாவது, புதிதாக ஓட்டப் பழகுவோரை ஒருமுறை இந்த இறக்கத்தில் கியரோடு ஓட்ட வைப்பதற்கு ஒதுக்க வேண்டும்.

டீசல் இன்ஜினில், பெட்ரோல் இன்ஜினைப் போலக் காற்றுவழியை அடைத்து இழுத்துப் பிடிக்கும் ஏற்பாடு பெரும்பாலும் இல்லாததால், ஐந்தாம் கியரில் பிடிமானம் போதாது. இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றுக்கு வந்துவிடுங்கள். பிரேக் கருகும் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தித் தானாக ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால், சூடான வார்ப்பிரும்பு டிஸ்க் திடீரெனச் சுருங்கி வெடிப்பு விடக்கூடும்.