சாரல் காலத்தில் சிறுத்தைப் பல்லி

செங்கோட்டைக் கணவாய் வழியே ஜூன் மாதத்தில் சாரல் இறங்கத் தொடங்கியதும், என்னிடம் சிகிச்சைக்கு வரும், வீடுகளில் வளர்க்கப்படும் சிறுத்தைப் பல்லிகளில் (லெப்பர்ட் கெக்கோ) பல ஒரே குறையோடு வருகின்றன: விரல்களில் உரியாமல் நின்றுபோன பழைய சட்டை. சென்ற ஆண்டு புனலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கொண்டுவந்த பல்லிக்கு முன்னங்கால் விரல்கள் மூன்றில், வெள்ளை நூலைச் சுற்றிக் கட்டியதுபோல் தோல் வளையமாக இறுகியிருந்தது. ஒரு விரலின் நுனி ஏற்கெனவே கறுத்துவிட்டது. “தினமும் ரெண்டு வேளை தண்ணி ஸ்ப்ரே பண்றேனே சார், பிறகு ஏன் தோல் உரியல?” என்று அவர் கேட்டார்.

அவர் பல்லியை வளர்த்த கண்ணாடித் தொட்டியில் குறைந்திருந்தது ஈரம் அன்று, சூடு. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட கல்நிலங்களில் வாழும் இந்த உயிரினம் தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வெயில் முகம் காட்டாத சாரல் நாட்களில் ஹீட்டிங் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) இல்லாத தொட்டியில் கிடந்தால் அதற்கு இரை செரிக்காது, பசி குறையும், சட்டையும் சரியாகக் கழலாது. அதன்மேல் இருவேளையும் தண்ணீர் தெளித்தால் தொட்டி இன்னும் குளிர்ந்து, நுரையீரல் தொற்றுக்கும் தோல் புண்ணுக்கும் இடமாகிவிடும். நம் வீட்டுச் சுவரில் ‘பலன்’ சொல்லும் பல்லியைப் பார்த்துப் பழகியவர்கள் இதையும் அதன் சாதி என்றே நினைத்துவிடுகிறார்கள். இதற்குக் கண்ணிமை உண்டு. விரலில் ஒட்டும் திண்டு கிடையாது, நகம்தான் உண்டு. கண்ணாடிச் சுவரில் ஏறாது.

தொட்டியின் ஒரு பக்கத் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரையிலும், மறுபக்கம் 25 டிகிரியை ஒட்டியும் இருக்க வேண்டும். ஹீட்டிங் மேட்டுக்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் வயிற்றுத் தோல் வெந்துபோகும். ஈரம் ஓரிடத்தில் மட்டும் போதும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் பக்கவாட்டில் பல்லி நுழையும் அளவுக்கு ஓட்டையிட்டு, உள்ளே நனைத்துப் பிழிந்த டிஷ்யூ பேப்பரை விரித்துச் சூடான பக்கத்தில் வைத்துவிட்டால், தோல் வெளுக்கும் நாளில் அது தானாகவே உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். உரித்த சட்டையை அதுவே தின்றுவிடும் என்பதால், தொட்டியில் தோல் கிடக்கிறதா என்று தேடாமல் விரல்களையும் கண்ணோரத்தையும் பார்க்க வேண்டும். விரலில் தோல் நின்றிருந்தால், கணுக்கால் மட்டும் நனையும் வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் நிற்கவிட்டு, ஈரப் பஞ்சுக் குச்சியால் மெல்ல உருட்டி எடுக்கலாம். காய்ந்த தோலைப் பிடித்து இழுத்தால் விரலும் சேர்ந்தே வந்துவிடும்.

உணவில் நான் அதிகம் காணும் தவறு சுண்ணாம்புச் சத்தை மறப்பது. கால்சியம் பொடி தூவாத பூச்சிகளையே மாதக்கணக்கில் தின்ற குட்டிகள் தாடை ரப்பர்போல் வளைய, கால்கள் கோணி வந்து சேர்கின்றன. வளைந்த எலும்பு பிறகு முழுதாக நேராவதில்லை. வீட்டில் பிடித்த கரப்பான் வேண்டாம், அது யார் வீட்டு மருந்தைத் தின்று வந்ததோ தெரியாது. மின்மினி ஒன்றே பல்லியைக் கொல்லப் போதும். மணலும் வேண்டாம், இரையோடு உள்ளே போய்க் குடலை அடைக்கும். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமிக்காக. வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் இதில் சமரசம் செய்யக்கூடாது.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழும் உயிர் இது. கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் பிள்ளை இதை யாரிடம் விட்டுச் செல்லும் என்று வாங்குவதற்கு முன்பே வீட்டில் பேசிக்கொள்வது நல்லது. காட்டில் பிடித்ததாகத் தோன்றினால் வாங்கவே கூடாது.

அந்த மாணவரின் பல்லிக்குக் கறுத்த நுனி சில வாரங்களில் உதிர்ந்தது. மற்ற இரண்டு விரல்களும் பிழைத்தன. கொழுப்பைச் சேமித்து வைக்கும் அதன் வால், முதல் நாள் என் மேசையில் பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தது. ஓணத்துக்குப் பிறகு வந்தபோது என் கட்டைவிரலை மிஞ்சியிருந்தது.